சாவி கடிகாரம் 5 நிமிஷத்துல நின்னுடுது, அவசரம்!!

புதுமனை_99
வணக்கம். எங்க வீட்டு பழைய சுவர்க் கடிகாரம், 200 வருஷம் இருக்கும். சாவி கொடுத்தா ஓடுது, அஞ்சு பத்து நிமிஷத்துல நின்னுடுது. சாவி ஃபுல்லா இருக்கு, ஓவரா கொடுத்துட்டேனோன்னு பயமா இருக்கு. ஸ்ப்ரே கூட அடிச்சுப் பார்த்துட்டேன். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம், அதுக்குள்ள ஓடணும். எந்த பார்ட் மாத்தணும், எங்க கிடைக்கும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ராட்டினம்
டயல்ல என்ன பேர்? சாவித் துளை ஒண்ணா ரெண்டா? மணி அடிக்குமா? நிக்கிறது எப்பவும் ஒரே இடத்துலயா (மணி ஆக அஞ்சாறு நிமிஷம் இருக்கும்போது மட்டும்னு வைங்க), இல்ல கண்ட நேரத்துலயா? சமீபத்துல இடம் மாத்தினீங்களா? என்ன ஸ்ப்ரே? முன்பக்கம், கதவைத் திறந்து உள்பக்கம், பெண்டுலம் தொங்குற இடம், மூணு படம் போடுங்க. இது எதுவும் தெரியாம பார்ட் பேர் சொன்னா அது ஜோசியம்.

வில்வண்டி
மெயின் ஸ்பிரிங் (சாவி கொடுத்தா சுத்திக்கிற பெரிய ஸ்பிரிங்) செத்துப்போச்சு. சாவி ஃபுல்லா இருந்தும் நிக்குதுன்னா வேற என்ன? அகலம், தடிமன், நீளம் அளந்து புதுசு போடுங்க.

சும்மா_எட்டிப்பார்த்தேன்
பேசாம பேட்டரி மெஷின் வாங்கி மாட்டிடுங்க ப்ரோ. வெள்ளிக்கிழமை என்ன, இன்னிக்கே ஓடும் 😀

பித்தளைராஜா
@சும்மா_எட்டிப்பார்த்தேன் டயல்ல நடு ஓட்டையைப் பெருசாக்கி, உள்ள இருக்கிற மெஷினைக் கழட்டி காயலான் கடையில போட்டுட்டு, சாவித் துளை ரெண்டும் வெறும் கண்ணு மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கும். அதுக்கு பிளாஸ்டிக் கடிகாரமே வாங்கிக்கலாம்.

புதுமனை_99
செய்கோஷானு போட்டிருக்கு. ரெண்டு துளை. மணி அடிக்கும், அரை மணிக்கு ஒண்ணு அடிக்கும். கண்ட நேரத்துல நிக்குது. பழைய வீட்ல நல்லாத்தான் ஓடிச்சு, மூணு வாரம் முன்னாடி டெம்போல கொண்டு வந்தோம். ஸ்ப்ரே, பைக் செயினுக்கு வச்சிருந்த துரு எடுக்கிற ஸ்ப்ரே. படம் இதோ. [படம் 1] [படம் 2] [படம் 3]

காலக்கணிதன்
இருநூறு ஆண்டா! ஹட்டோரி கின்டாரோ டோக்கியோவில் செய்கோஷா ஆலையைத் தொடங்கியதே 1892-ல்தான். நிறுவனம் பிறக்கும் முன்பே கடிகாரம் பிறந்துவிட்டது போலும். இந்தப் பகுதிக்கு வரும் பத்துக் கேள்வியில் ஒன்பது இதே கேள்விதான். மேலே நிரந்தரமாக ஒட்டி வைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதில்லை. சாவியை "அதிகமாக" கொடுப்பது என்று ஒன்று கிடையாது என்பது அதன் முதல் வரி. ஸ்பிரிங் முழுக்கச் சுற்றியிருக்கிறது, கடிகாரம் நிற்கிறது என்றால் சக்தி இருக்கிறது, வழியில் எங்கோ வீணாகிறது என்றுதான் பொருள்.

ராட்டினம்
வயசு விசாரணை அப்புறம் வச்சுக்கலாம். 😀 தம்பி, டெம்போன்னு சொன்னீங்களே, அதுதான் முக்கியமான தகவல். ஓடிக்கிட்டிருந்த கடிகாரம் இடம் மாறினதும் நிக்குதுன்னா முதல் சந்தேகம் மெஷின் மேல வராது, பெண்டுலம் மேலயும் சுவர் மேலயும்தான் வரும்.

கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தைக் கேளுங்க. டிக்... டாக்... டிக்... டாக்னு சம இடைவெளியில வரணும். டிக்டாக்......டிக்டாக்னு நொண்டினா சாய்வு சரியில்ல. பெண்டுலம் ஒரு பக்கம் சக்கரத்தோட உந்துதலை வாங்குது, இன்னொரு பக்கம் அந்தப் பல்லைத் தாண்டுற அளவுக்கே போறதில்ல. கொஞ்சம் கொஞ்சமா ஆட்டம் குறைஞ்சு அஞ்சு பத்து நிமிஷத்துல நின்னுடும். நீங்க சொல்றது அப்படியே இதுதான்.

காதுல நம்பிக்கை இல்லன்னா, பெண்டுலத்துக்குப் பின்னால ஒரு வெள்ளைப் பேப்பர் ஒட்டுங்க. பெண்டுலத்தை சும்மா தொங்க விட்டு நடுவுல ஒரு கோடு. விரலால மெதுவா இடது பக்கம் தள்ளுங்க, "டிக்" கேட்ட இடத்துல ஒரு கோடு. வலது பக்கமும் அதே மாதிரி. நடுவுல இருந்து ரெண்டும் ஒரே தூரம் இருக்கணும். இடது 12 மி.மீ., வலது 20 மி.மீ.ன்னு வந்தா, பெட்டியோட அடிப்பக்கத்தை இடது பக்கம், அதாவது சத்தம் சீக்கிரம் கேட்ட பக்கம், கொஞ்சம் நகர்த்துங்க. மறுபடி அளங்க.

பெட்டி கோணலா தொங்குறது பிடிக்கலன்னா பெட்டியை நேரா வச்சுட்டு, பெண்டுலம் கம்பியைக் கவ்வியிருக்கிற கவைக் கம்பியை அதே சீக்கிரம் கேட்ட பக்கத்துக்கு வளைக்கணும். மேல கவை குட்டையா இருக்கிறதால அங்க அரை மி.மீ. வளைச்சாலே கீழ பெண்டுலத் தட்டுல பெரிய வித்தியாசம் காட்டும். ஒரு கையால கவையோட மேல் தண்டைப் பிடிச்சுக்கிட்டு வளைங்க, பிடிக்காம வளைச்சா பெண்டுலத்துக்கு உந்துதல் கொடுக்கிற எஸ்கேப் சக்கரத்துப் பல் மடங்கும்.

மணிக்கூடு_யாழ்
படம் 3-ஐப் பெரிசாக்கிப் பாருங்கோ. பெண்டுலம் தொங்குற மெல்லிய தகடு நேராக் கிடக்கேல்லை, நடுவில "ட" போல ஒரு மடிப்புக் கிடக்கு. பெண்டுலத்தைக் கழட்டாமல் வண்டியில ஏத்தினீங்களோ? அந்தத் தகடு மடிஞ்சால் பெண்டுலம் நேர்கோட்டில ஆடாது, முன்னும் பின்னுமாச் சுழண்டு சுழண்டு ஆடும். கவை துவாரத்தில உரசும். இருக்கிற சக்தி முழுக்க அதிலயே போயிடும். சாய்வை எவ்வளவு திருத்தினாலும் அப்ப மணிக்கூடு நிக்கத்தான் செய்யும்.

பித்தளைராஜா
படம் 2-ஐ யாருமே பார்க்கலையா? மெஷினோட பின் தட்டுல ரெண்டாவது சக்கரத்துத் துளையைச் சுத்தி நாலஞ்சு பொட்டு தெரியுது. தேஞ்ச துளையைச் சுருக்க எவனோ பஞ்ச் (கூர் உளி) அடிச்சிருக்கான். துளை ஓவலா ஆயிருக்கு, சுத்தி கருப்பு எண்ணெய்க் கறை. புஷ் (தேஞ்ச துளைக்குள்ள ஏத்துற சின்னப் பித்தளைக் குழாய்) போடாம இந்த மெஷின் ஓடாது.

பட்டறைத்தம்பி
பஞ்ச் அடிச்சா என்ன தப்பு? சின்ன ஊர்ல லேத், புஷ் எல்லாம் யார்கிட்ட இருக்கு? பதமா அடிச்சா பல வருஷம் ஓடும்.

பித்தளைராஜா
பஞ்ச் அடிச்சா பித்தளை மேல்தோல்ல மட்டும்தான் நகரும். சக்கரத்து அச்சோட முனை உட்கார்ந்து ஓடுறது அந்த மெல்லிசு விளிம்புல. அது சீக்கிரம் தேஞ்சுடும். அதைவிட முக்கியம், துளையோட மையம் பழைய இடத்துக்குத் திரும்பாது. துளை தேயுறது எப்பவும் ஒரே பக்கமா, சக்கரம் அழுத்துற திசையில. மையம் விலகினா பல்லும் பல்லும் ஆழமா கடிக்காது. முறை என்னன்னா: தேஞ்ச பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தை வட்ட அரத்தால அதே அளவுக்கு ராவி, துளையோட நடு பழைய மையத்துக்கு வந்த பிறகு ரீமர் (துளையை அளவா விரிக்கிற கருவி) விட்டு, உள்பக்கத்துல இருந்து புஷ்ஷை அழுத்தி ஏத்தணும். முனையை அதுக்கு முன்னாடியே பாலிஷ் பண்ணணும். கோடு விழுந்த முனை புதுப் புஷ்ஷை ரம்பம் மாதிரி தின்னுடும்.

பட்டறைத்தம்பி
எல்லாம் சரி. அரம் ஒரு நூல் பிசகினா தட்டே போச்சு. பஞ்ச் அடிச்சவன் தட்டைக் கெடுக்கல, அடுத்தவன் புஷ் போட இடம் அப்படியே இருக்கு. கைப்பழக்கம் இல்லாதவன் போட்ட புஷ்ஷைவிட கைப்பழக்கம் உள்ளவன் அடிச்ச பஞ்ச் மேல்.

காலக்கணிதன்
பொட்டு விழுந்த தட்டைச் சேகரிப்பாளர் யாரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார். இதைத் தனி இழையில் பேசி முடித்தாயிற்று.

ராட்டினம்
ராஜா அண்ணே, துளை தேஞ்சிருக்கலாம், மறுக்கல. ஆனா மூணு வாரத்துல தேயாது. பழைய வீட்ல இதே துளையோடதானே ஓடிச்சு? சந்தேகம்னா சோதிக்க மெஷினைப் பிரிக்கவே வேண்டாம். சாவி போடுற பெரிய சக்கரத்தை விரலால முன்னும் பின்னும் அசைச்சுக்கிட்டே ஒவ்வொரு முனையா பாருங்க. துளைக்குள்ள முனை லேசா அசையலாம், பக்கவாட்டுல குதிக்கக் கூடாது. குதிச்சா அந்தத் துளை புஷ் கேக்குது.

வில்வண்டி
நான் இன்னும் மெயின் ஸ்பிரிங்னுதான் சொல்றேன்.

புதுமனை_99
ஆமா பெண்டுலத்தோடதான் தூக்கிட்டு வந்தோம் 😬 அந்தத் தகடு மாத்த மெஷின் முழுசா பிரிக்கணுமா? தகடு எங்க கிடைக்கும்?

மணிக்கூடு_யாழ்
பிரிக்க வேண்டாம். முதல்ல பெண்டுலத்தைக் கழட்டுங்கோ. நிமிஷ முள்ளை ஒரு சின்னக் குறுக்குப் பின் பிடிச்சிருக்கும், அதை உருவினால் முள் வரும். மணி முள்ளை லேசாத் திருகி நேரா வெளியில இழுங்கோ. டயலைச் சுத்தியுள்ள சின்ன ஆணியளைக் கழட்டினால் தகடு தெரியும். சக்கரங்களைத் தாங்குற முன், பின் தட்டு ரெண்டையும் பிடிச்சிருக்கிற நாலு நட்டையும் தொடவே கூடாது. ஸ்பிரிங் சுத்தின நிலையில அதைக் கழட்டினால் சக்கரமெல்லாம் பறக்கும், விரலும் போகும்.

மடிப்பு லேசா இருந்தால் ரெண்டு தட்டை மூக்குக் குறட்டுக்கு நடுவில வைச்சு நீவி நிமித்தலாம். வெடிப்பு இருந்தால் புதுசு. பழைய தகட்டின்ட அகலத்தையும் நீளத்தையும் தடிப்பையும் அளந்து கடையில கேளுங்கோ. தடிப்பு 0.1 மி.மீ. அளவில இருக்கும். தடிப்புக் கூடின தகடு போட்டால் பெண்டுலம் விறைச்சுப்போய் ஆட்டம் குறையும். அவசரத்துக்கு மெக்கானிக் இடைவெளி அளக்க வைச்சிருக்கிற ஃபீலர் கேஜில 0.10 இலையை வெட்டியும் போடலாம்.

மாட்டின பிறகு கவைக்கும் கம்பிக்கும் நடுவில ஒரு தாள் நுழையிற அளவு இடைவெளி இருக்கோணும். இறுக்கமா இருந்தாலும் நிக்கும், தொளதொளவெண்டு இருந்தாலும் உந்துதல் வீணாப் போகும்.

ராட்டினம்
இன்னொண்ணு. புது வீட்டுச் சுவர்ல ஒரே ஆணியில தொங்கவிட்டிருப்பீங்க. பெட்டியை விரலால தொட்டா ஆடுதா? பெண்டுலத்தோட சேர்ந்து பெட்டியும் ஆடினா பெட்டி சக்தியைத் திருடிடும். அடியில ரெண்டு மூலைக்கும் பின்னால அட்டை மடிச்சு சொருகுங்க.

தகடு மாத்தினதும் நேரம் மாறும், பயப்படாதீங்க. ஏறக்குறைய 25 செ.மீ. பெண்டுலத்துல நீளம் 1 மி.மீ. கூடினா ஒரு நாளைக்கு 3 நிமிஷம் பின்தங்கும். கீழ இருக்கிற நட்டைத் திருகி பெண்டுலத் தட்டை ஏத்தினா வேகம், இறக்கினா மந்தம்.

பட்டறைத்தம்பி
ஸ்ப்ரே அடிச்சீங்களே, அதைக் கழுவணும். அது துருவை இளக்கும், கரைப்பான் ஆவியானதும் மிச்சம் பிசின் மாதிரி படிஞ்சு தூசியைப் பிடிச்சுக்கும். ஆயுத பூஜை முடிஞ்சதும் தேங்காய் எண்ணெய் ஊத்தின கடிகாரங்க இதே கதிதான், மார்கழிக் குளிர்ல உறைஞ்சே நின்னுடும்.

வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நிதானமா பண்ணுங்க. ரெண்டு ஸ்பிரிங்கையும் இறக்கினதுக்கு அப்புறம்தான் பிரிக்கணும். சாவியை இறுக்கிப் பிடிச்சு, ஸ்பிரிங் திரும்பி அவிழாம தடுக்கிற கொண்டியைத் தூக்கி, சாவியை அரைச் சுத்து விட்டு மறுபடி கொண்டியை விழ விடணும். இப்படியே ஸ்பிரிங் முழுக்கத் தளர்ற வரைக்கும். கையுறை போடுங்க. மணி அடிக்கிற பக்கத்தையும் மறக்காம இறக்குங்க, பாதிப் பேர் அதை மறந்துதான் கையைக் கிழிச்சுக்குவாங்க.

மண்ணெண்ணெயில ஊறப்போட்டு பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, சோப்புத் தண்ணி, வெந்நீர், உடனே ஹேர் டிரையர். எஃகு ஈரமா பத்து நிமிஷம் இருந்தா துருதான். துளைக்குள்ள ஈர்க்குச்சி முனையைச் சீவி விட்டுத் திருகுங்க, கருப்பு வரும். ஈர்க்குச்சி வெள்ளையா வெளிய வர்ற வரைக்கும் புதுசு புதுசா சீவி விடணும். மாட்டினப்புறம் கடிகார எண்ணெய் ஊசி முனையில ஒரு பொட்டு, முனைகளுக்கும், எஸ்கேப் சக்கரத்துப் பல்லைப் பிடிச்சுப் பிடிச்சு விடுற ஆங்கரோட ரெண்டு முகத்துக்கும் மட்டும். துளையைச் சுத்தியிருக்கிற எண்ணெய்க் குழி பாதி நிறைஞ்சா போதும். நிறைய ஊத்தினா வழிஞ்சு, குழியில இருக்கிறதையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போயிடும். பல்லுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

காலக்கணிதன்
எண்ணெய் இடுவது பற்றிச் சொன்னது மட்டும் சரி. மண்ணெண்ணெய் மெழுகுப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பட்டறைத்தம்பி
அதுக்குத்தான் சோப்புத் தண்ணின்னு எழுதியிருக்கேன் ஐயா.

புதுமனை_99
தகடு நிமிர்த்தி மாட்டி, அடியைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, அட்டை சொருகினேன். நேத்து ராத்திரி 9-ல இருந்து ஓடுது 🙏 ஆனா 7 மணிக்கு 4 அடிக்குது??

வில்வண்டி
ஓடுதா? பார்ப்போம் எட்டு நாள் தாங்குதான்னு.

மணிக்கூடு_யாழ்
எண்ணுற சக்கரம் வைச்ச மெஷின் இது. முள் எங்க நிக்குது எண்டு அதுக்குத் தெரியாது, போன தரம் 3 எண்டால் இந்தத் தரம் 4, அவ்வளவுதான். 12 மணித்தியாலத்துக்கு 78 அடி, அரை மணியும் சேர்த்தால் 90, வரிசையா வெட்டி வைச்சிருக்கு. மணி அடிக்கிற பக்கத்துச் சாவி இறங்கி இடையில நிண்டால் கணக்குப் பிசகும். நிமிஷ முள்ளைத் தொடாதேங்கோ. 4 அடிச்சு முடிஞ்ச உடனே மணி முள்ளை மட்டும் விரலால 4-க்கு நகர்த்துங்கோ, அது இறுக்கத்தில மட்டும்தான் நிக்குது. பிறகு நிமிஷ முள்ளை முன்பக்கமாச் சுத்தி, ஒவ்வொரு அரை மணிக்கும் ஒவ்வொரு மணிக்கும் அடிச்சு முடிய விட்டு, சரியான நேரத்துக்குக் கொண்டு வாங்கோ.

அரை மணிக்கு 7 அடிச்சுப்போட்டு மணிக்கு ஒண்டு அடிச்சால் அது வேற பிசகு. அடிக்கிற கொண்டியை ஒரே ஒரு தரம் தூக்கி விட்டால் சரியாகும்.

புதுமனை_99
சூப்பர், ஆயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி!!

பட்டறைத்தம்பி
ஸ்ப்ரேயைக் கழுவினீங்களா?

பட்டறைத்தம்பி
தம்பி? கிரகப்பிரவேசம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே. கழுவினீங்களா?

பித்தளைராஜா
புஷ்ஷும் பாக்கி இருக்கு.