சி90 எஞ்சின்ல பிஸ்டன் இறுகிப்போச்சு, உதவி தேவை

அண்ணையாக்கள், அப்பாவின்ர ஹொண்டா சி90 மோட்டசைக்கிள் ஒண்டை பிரிச்சு திருப்பிக் கட்டுறன், இடையில நிண்டுபோச்சு. இடம் விசுவமடு. மண்ணெண்ணெயில ஓடின காலத்துச் சைக்கிள், 2013இல இருந்து கொட்டிலுக்குள்ள நிண்டது, பிளக் இல்லாம நிண்டபடியா தண்ணி இறங்கியிருக்கு. கிக்கர் துண்டா அசையேல்லை.

ஹெட் கழட்டியாச்சு, டைமிங் செயினும் விட்டாச்சு, சிலிண்டர் பக்கத்தில இருக்கிற சின்ன போல்ட்டும் செயின் ரோலர் போல்ட்டும் எடுத்தாச்சு. பிஸ்டன் மேல் விளிம்பில இருந்து அரை இஞ்சி கீழ நிக்குது, சுத்திவர செங்கல் நிறத்தில கறள் வளையம். டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஒன்பது நாள் ஊத்தி வச்சன், கொஞ்சம்கூட கீழ இறங்கேல்லை, டோர்ச்சால சூடாக்கியும் பாத்தன். மரச்சுத்தியலால தட்ட சிலிண்டர் அரை இஞ்சி மேல வந்திட்டு நிக்குது, பிஸ்டனும் அதோடயே வருது, பிஸ்டனைக் கொன்றொட்டோட (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு) பிடிக்கிற பின் (pin) வெளியில தெரியாதபடியா அதைக் கழட்டவும் ஏலாது. சிலிண்டருக்கு வெளியில சூடு ஆறுறதுக்கு இருக்கிற செட்டையளில ஒண்டும் உடைஞ்சிட்டுது, அதுக்குப் பிறகு கை வைக்கப் பயமாக் கிடக்கு. சிலிண்டரின்ர உள்விட்டம் (bore) 50 மில்லிமீற்றர், இன்னும் கடைஞ்சு பெரிசாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடேல்லை, இந்த சிலிண்டரை எப்பிடியும் காப்பாத்தோணும்.

சிலிண்டருக்கு கீழ கட்டை முண்டு குடுத்து பிஸ்டனை கீழ தட்டினா கொன்றொட் பெயரிங் தாங்குமோ, இல்லாட்டி கிராங்கேஸை (எஞ்சின்ர அடிக்கூடு) பிரிச்சு எல்லாத்தையும் ஒண்டாவே வெளியில எடுக்கிறதோ?