பழைய ஒலிப்பதிவுக் கலைஞர்கள், ஒலி நாடாக்கள்: உங்கள் உதவி தேவை

வணக்கம். சென்னையில் கலை வரலாற்று ஆய்வு செய்கிறேன். சோதனை முயற்சிப் படங்களில் ஒலியின் பங்குதான் என் பொருள். இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் காட்சியைப் பக்கம் பக்கமாக அலசிவிட்டு, ஒலியை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 1940 வாக்கிலேயே நார்மன் மெக்லாரன் என்ற அனிமேஷன் கலைஞர் ஃபிலிமின் ஒலித்தடத்தில் (ஃபிலிமின் ஓரத்தில் ஒலி பதியும் பட்டையில்) கையால் வரைந்து ஓசை எழுப்பினார். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், மின்னணு முறையில் ஓசை உருவாக்கும் மூக் சிந்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார்.

சரி, நம் ஊரில் என்ன நடந்தது? அதைத்தான் தேடுகிறேன். 1970, 80களில் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒலிப்பதிவு படித்தவர்கள், கோடம்பாக்கம், வடபழனி ஸ்டுடியோக்களில் ஆப்டிகல் சவுண்ட் (ஒலியை ஒளியால் ஃபிலிமில் பதியும் முறை) வேலை பார்த்தவர்கள், காலடி, கதவு போன்ற ஓசைகளை உருவாக்கிய எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். 16 எம்.எம். பிரிண்டில் ஒலி, அதற்குரிய படத்தைவிட 26 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும்; புரொஜெக்டரில் ஓடும்போது இரண்டும் பொருந்திவிடும். இந்தப் பொருத்தத்தைக் குலைத்து, ஒலியையும் படத்தையும் வேண்டுமென்றே விலக்கி வைத்துப் பார்த்த மாணவர்கள் இருந்தார்களா என்று அவர்களிடம் கேட்க ஆசை. பெரியவர்கள் பேசச் சம்மதித்தால் நானே வீட்டுக்கு வருகிறேன்.

அப்புறம், கால் அங்குல ஒலி நாடாவை ஓட்டும் ஸ்பூல் டேப் ரெக்கார்டரை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பவர்களும் தகவல் தாருங்கள். பரணில் பழைய நாடா கிடைத்து, அதில் வினிகர் வாடை அடித்தால் (நாடா சிதைகிறது என்று பொருள்) தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து, ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.