மறு: ‘ட்ரிம்’ சீரமைப்பு – மெருகா, முலாமா?

வணக்கம். பழைய கார்களின் ‘ட்ரிம்’, அதாவது வெளிப்புறத்தில் பளபளக்கும் பம்பர், பட்டை, வீல் கப், பெயர்ச்சின்னம் போன்ற உலோக அலங்காரங்களைச் சீரமைக்கும் வேலைக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> பழைய கார்களின் ட்ரிம் வேலைக்கு ‘மெருகூட்டல்’ என்ற ஒரே சொல் போதுமே.

போதாது. பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். எங்கள் வீட்டு அம்பாசடரின் வீல் கப்பில் துருப்புள்ளிகள் இருந்தன. மெருகு போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி எமரி பேப்பரால் தேய்த்தேன். புள்ளி போகவில்லை. நீலம் ஓடிய பளபளப்பு போய், லேசான மஞ்சள் சாயலில் ஒரு திட்டு தெரிந்தது. அது அடியிலிருந்த நிக்கல். மேலே இருந்த குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதைத் தேய்த்தே தீர்த்துவிட்டேன். துருவோ அதற்கும் கீழே, இரும்பிலிருந்து வருவது. பழைய முலாமை உரித்து, குழிகளைச் சரிசெய்து, செம்பு, நிக்கல், குரோமியம் என்று மறுபடி ஏற்றினால்தான் உண்டு.

1957 செவ்ரோலெட் பெல் ஏர் என்ற அமெரிக்கக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பர், முலாம் பூசிய எஃகு. பக்கவாட்டில் ஓடும் பட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் முலாமே கிடையாது. நெளிவைப் பின்பக்கமிருந்து சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி எடுத்து, 320, 400, 600 என்று எமரியை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் துணிச்சக்கரத்தில் பிடித்தால் முகம் பார்க்கலாம். ஒரே காரில் இரண்டு வேலை. அதனால் முதலாவதற்கு ‘மறுமுலாம்’, இரண்டாவதற்கு ‘மறுமெருகு’ என்று முன்மொழிகிறேன்.

> முலாம் வேற்றுமொழிச் சொல். ‘பூச்சு’ என்போமே?

பெயிண்டும் பூச்சு, சுவர்ச் சிமெண்டும் பூச்சு. நகைக்கடையில் தங்க முலாம், பள்ளிப் புத்தகத்தில் மின்முலாம் என்று ஊன்றிவிட்ட சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்?

அப்புறம், ‘ட்ரிம்’. பட்டறையில் சொல்லும் ‘பீடிங்’ நீளப் பட்டைக்குச் சரி. வீல் கப்புக்கும் பெயர்ச்சின்னத்துக்கும் ஒட்டாது. காதணி, காலணி வரிசையில் ‘ஊர்தியணி’ எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்று பாக்கி. அதே பெல் ஏரின் பின்பக்கவாட்டில், பட்டைகளுக்கு நடுவே வெள்ளி நிறத் தகடு வரும். அது ஆனோடைஸ் செய்த அலுமினியம். அந்தப் படலம் வெளியிலிருந்து பூசியதல்ல, அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறியது. முலாம் என்றால் தவறு. படலத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்த பிறகுதான் மெருகே பிடிக்கும், பிறகு மறுபடி படலம் ஏற்ற வேண்டும். ‘படலமேற்றல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ‘ஏற்றல்’ என்றதும் வெளியிலிருந்து வருவதுபோல் தொனிக்கிறது. ‘படலமாக்கல்’ பொருந்துமா? வேதியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.