ஸ்காபரோவில் துவக்கு, கல்லடியில் வாத்தியார்

பழைய பிரிட்டிஷ் இராணுவத் துவக்கான லீ-என்ஃபீல்டைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்டையும் குழலையும் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் பெரியப்பா மரத்தில் தொடங்குவார். அறுபதுகளில் பொலிசில் சேர்ந்து, திரி நோட் திரி என்று சொல்கிற அதே துவக்கைத் தோளில் சுமந்தே சேவைக்காலத்தில் பாதியைக் கழித்தவர். இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் விறாந்தையும் சாய்மனைக் கதிரையும்தான்.

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் போன வருடம் ஒன்று வாங்கினான். 1917இல் பேர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பனி செய்த மூன்றாம் மார்க் லீ-என்ஃபீல்ட். கனடாவில் லைசன்ஸ் எடுத்தால் இப்படியான பழைய இராணுவத் துவக்கைப் பூட்டுப் போட்டு வீட்டில் வைத்திருக்கலாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கமக்காரருக்கு வயல் காவலுக்கென்று வேட்டைத் துவக்குக்கு லைசன்ஸ் கொடுப்பார்கள், அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலிவு விலையில் வந்த இந்தத் துவக்குகளை வாங்கிய வேட்டைக்காரர்கள், பாரம் குறைய வேண்டும் என்று குழலை மூடியிருக்கும் முன்மரத்தை அறுத்துவிடுவார்கள். மச்சானுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு மொட்டைதான். முழுநீள முன்மரம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பூட்டியும் விட்டான். பிறகு பார்த்தால் தோளில் வைக்கும் பின்கட்டை ஆடுகிறது. வீடியோ கோலில் வந்து, பின்கட்டையின் அடித்தகட்டில் உள்ள மூடியைத் திறந்து நீளமான ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டுக் காட்டினான்.

பெரியப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். “மனே, கைய எடு! முன்மரத்தக் கழட்டு. மறுகா அந்த ஆணியத் தொடு!”

விசயம் இதுதான். பின்கட்டையை இறுக்கும் நீள ஆணியின் முன்முனை சதுரமானது. அது துவக்கின் இரும்பு உடலைத் தாண்டி வந்து, முன்மரத்தின் பின்பக்கத்தில் உள்ள சிறிய தகட்டின் பிளவில் போய் உட்காரும். ஆணி தானாகத் தளராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முன்மரம் ஏறியிருக்கும்போது ஆணியைத் திருகினால் சதுரமுனையும் சேர்ந்து திரும்பி மரத்தைப் பிளந்துவிடும். ஆகவே முதலில் பின்கட்டையை இறுக்கி, சதுரமுனையைப் பிளவுக்கு நேராக நிறுத்தி, அப்புறம்தான் முன்மரம். நூறு வருடத்து மரத்தை ஒரே முறுக்கில் விறகாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

போனில் ‘துவக்கு, துவக்கு’ என்று பெரியப்பா சத்தம் போட்டதில் அம்மா ஓடிவந்து தெருப்பக்க யன்னலைச் சாத்தினார். எங்கள் ஊரில் சண்டைக்காலத்து அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த பாடம் சுடுதண்ணீர். பழைய இராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எரிந்தால் குழலுக்குள் ஒரு வகை உப்புப் படியும். அது ஈரத்தை இழுத்து, கடற்கரையில் விட்ட சைக்கிள் றிம் போலக் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். எண்ணெயில் அந்த உப்புக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் சுட்டு முடிந்த அன்றே போல்டை எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றச் சொன்னார். குழல் சூடேறுவதால் ஈரம் சட்டென்று காயும். பிறகு குழலுக்குள் இழுக்கும் கயிறான புல்த்ரூவில் உலர்ந்த பிளனல் துணி, கடைசியில் எண்ணெய் தொட்ட துணி. புல்த்ரூவும் பித்தளை எண்ணெய்க் குப்பியும் வைக்கவே பின்கட்டைக்குள் குழி இருக்கிறது. மச்சானின் துவக்கில் குப்பி மட்டும் அப்படியே இருந்தது.

போல்டின் கைப்பிடியில் இருக்கும் இலக்கமும் உடலில் இருக்கும் இலக்கமும் ஒன்றா என்று பார்க்கச் சொன்னார். ஒன்றில்லை. போல்ட் மாறியிருப்பதால், அது குழலோடு சரியாகப் பொருந்துகிறதா என்று கேஜ் வைத்து ஒரு துவக்குத் திருத்துநர் பார்க்காமல் ஒரு தோட்டாவும் போடக்கூடாது என்றார், மச்சானும் கொண்டுபோய்க் காட்டினான். பரவாயில்லை என்று வந்தது.

இப்போது சண்டை மரத்துக்கு எண்ணெய் பூசுவதில். பச்சை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய்தான், காய்ச்சினது வேண்டாம் என்கிறார் பெரியப்பா. யூடியூப்பில் எல்லாரும் காய்ச்சினதைத்தான் பூசுகிறார்கள், கெதியாகக் காயுது மாமா, என்று மச்சான் வாதாடிப் பார்த்தான்.

“அப்ப அவங்களிட்டயே கேள்” என்று போனை என் கையில் தந்துவிட்டார்.