செண்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின் சக்கரம் எழும்பவில்லை

கேள்வி:
பழைய 100 சிசி வண்டி. செண்டர் ஸ்டாண்ட் போட்டும் பின் சக்கரம் தரையிலேயே நிற்கிறது. செயினுக்கு எண்ணெய் விடக்கூடச் சுற்ற முடியவில்லை. பள்ளத்தில் விட்டால் ஸ்டாண்ட் சைலன்சரில் ‘டங்’ என்று அடிக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா? புது ஸ்டாண்டே வாங்கிவிடவா?

பதில்:
அவசரப்படாதீங்க. ஸ்பிரிங் ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடிப்பதோடு சரி. சக்கரம் எழும்பாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, செண்டர் ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் (ஸ்டாண்டைத் தாங்கும் போல்ட்டைச் சுற்றியிருக்கும் சிறு குழாய்) தேய்ந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி அரித்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய போல்ட் புது புஷ்ஷைச் சீக்கிரமே தின்றுவிடும். துருவைச் சுரண்டிவிட்டு, உள்ளே தாராளமாக கிரீஸ்.

அப்புறம் பாதங்கள். தேய்ந்து சப்பையாகியிருந்தால் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்யலாம். பேராசைப்பட்டு கனமாக வைத்தால் ஸ்டாண்ட் போடவே இடுப்பு போய்விடும், வளைவில் சாய்க்கும்போது தரையிலும் உரசும். வெல்டிங் செய்யும் முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

இன்னொரு பதில்:
‘டங்’ சத்தத்துக்கு, ஸ்டாண்ட் முட்டும் இடத்தில் ரப்பர் இருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், முகத்துக்குத் தெறிக்கும். ஸ்டாண்டை இறக்கியதும் சுருள்கள் விரியும். இடையில் வாஷர்களைச் சொருகி ஸ்டாண்டை மடக்கினால் தொளதொளவென்று கையோடு வந்துவிடும்.

கேட்டவர்:
ஆட்டிப் பார்த்தேன் அண்ணே, புஷ்தான். ரப்பர் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் மிச்சம்.