மரம் மிதக்கவிட்ட பழைய கல் அணை: சிமென்ட் ஏன் கூடாது?

இந்திராநகர்_டிராயிங்:
தண்ணீரைத் தேக்கி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, வெட்டிய மரக்கட்டைகளை ஆற்றோடு மிதக்கவிட்ட அணைகள் ஸ்லோவேனியாவின் இட்ரியாவில் உண்டு. அதைப் போன்ற ஒரு பழைய அணைக்கு ரிப்பேர் டிராயிங், எங்கள் பெங்களூர் ஆபீஸில் போடுகிறோம். சிமென்ட் அறவே கூடாது, நீரில் இறுகும் சுண்ணாம்பு மட்டும் என்கிறது ஸ்பெக் (வேலை விவரக் குறிப்பு). ஏன்? இன்னொன்று, கதவைத் தூக்கச் சக்கரமோ திருகோ படத்தில் காணோம். எப்படித் திறந்தார்கள்?

கலிங்கு:
தூக்கவே இல்லை சார். 2 மீட்டர் அகலக் கதவுக்குப் பின்னால் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் தள்ளும் விசை சுமார் 16 டன். மரத்தோடு மரம் உரசும் கதவை மேலே இழுக்க அதில் பாதி வரைகூட வேண்டியிருக்கும். அதனால் கதவைத் தாங்கும் முட்டுக்கட்டையை அடித்துத் தட்டிவிடுவார்கள், தண்ணீரே திறந்துகொள்ளும். வெள்ளம் ஒரே மூச்சில் பாய்ந்தால்தானே கட்டைகள் நகரும்!

இட்ரியா பாதரசச் சுரங்கத்துக்கு உள்ளே முட்டுக்கொடுக்கவும் உலை எரிக்கவும் மரம் வேண்டியிருந்தது. முதலில் மர அணைகள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கல்லுக்கு மாறினார்கள். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதரசப் பாரம்பரியத்தில் இட்ரியாவும் உண்டு.

சுண்ணாம்புச்_சட்டி:
சிமென்ட் கல்லைவிட இறுக்கம். உள்ளே புகுந்த ஈரம் கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பு வழியே வெளியேறாமல் கல்லுக்குள் தேங்கும். பனிக்காலத்தில் உறைந்து கல்முகம் சில்லுசில்லாகப் பெயரும். குற்றம் கல்மேல் விழும், காரணம் பூச்சு. நம்மூர் மதகுகளிலும் இதே கூத்துதான், பனி மட்டும் இல்லை.

இணைப்பைக் குறைந்தது 25 மி.மீ. ஆழம், அல்லது அதன் அகலத்தைப் போல் இருமடங்கு, கையால் சுரண்டுங்கள். கிரைண்டர் வைத்தால் கல் ஓரம் போச்சு. முந்தின நாளே கல்லை நனைத்துவிடுங்கள். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கூர்மணல் (முனை மழுங்காத மணல்), 20 மி.மீ. அடுக்குகளாக. ஈரச்சாக்கு ஒரு வாரமாவது மூடியிருக்கட்டும். 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்துங்கள். முளைத்த செடியைப் பிடுங்காதீர்கள், கல்லும் கூடவே வரும். வெட்டி வேரைச் சாகவிடுங்கள்.

இந்திராநகர்_டிராயிங்:
சுவருக்குள் பொந்து இருந்தால்?

சுண்ணாம்புச்_சட்டி:
கீழ் வரிசையிலிருந்து மேலே, குறைந்த அழுத்தத்தில் சுண்ணாம்புக் குழம்பு. அடுத்த துளையில் வழிந்ததும் நிறுத்துங்கள். அழுத்தம் கூடினால் முன்கல் புடைக்கும். முதலில் கசிவைப் பாருங்கள்: தெளிந்த நீர் என்றால் பரவாயில்லை, கலங்கி வந்தால் உள்மண் அரித்துப் போகிறது. அதைச் சரிசெய்யாமல் பூசிப் பயனில்லை.

கலிங்கு:
மரக்கதவில் நீர்மட்டக் கோட்டைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். எப்போதும் மூழ்கிய பகுதி நீண்டநாள் தாங்கும். நனைந்து காயும் பட்டைதான் முதலில் உளுத்துப்போகும். ஓக் மரமானால் வெறும் இரும்பாணி வேண்டாம், அதன் துவர்ப்பு இரும்பை அரிக்கும்.

கதவை இயக்கிக் காட்டும் ஏற்பாடு டிராயிங்கில் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்தத் திடீர் வெள்ளம் ஆற்றுப்படுகையின் கூழாங்கல்லை வாரிக்கொண்டு போய் மீன் முட்டையிட இடமில்லாமல் செய்யும். அமெரிக்காவின் ஆரிகன் ஆறுகளில் நடந்தது அதுதான். திறந்த நிலையிலேயே பூட்டி வையுங்கள்.