எஸ்கியூ 006: வாசல்ல தடுப்பு இருந்துச்சா இல்லையா?

யார்டு மணியம்: சாங்கிவாசி நேத்து எழுதுனத படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. "எஸ்கியூ 006ல பைலட் தப்பான ரன்வேல ஏத்திட்டான், அதுக்கு எதுக்கு இத்தனை பக்கம் விசாரணை"ங்கிறாரு. நம்ம சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், 83 பேர் செத்திருக்காங்க. 2000 அக்டோபர் 31, தைப்பே, ராத்திரி 11 மணிக்கு மேல, புயல் மழை. போக வேண்டியது 05எல்ங்கிற ரன்வே, போனது பக்கத்துல இருந்த 05ஆர், அதுல நடுவுல வேலை நடக்குதுன்னு மூடி வச்சிருக்காங்க. நான் கேக்குறது ஒண்ணுதான், அந்த ரன்வேக்குள்ள நுழையிற வாசல்ல ஏன் ஒரு தடுப்புகூட இல்ல?

சாங்கிவாசி: தடுப்பு இருந்துச்சு. அறிக்கைய படிச்சிட்டு வந்து எழுதுங்க. கான்கிரீட் தடுப்பு, எக்ஸ்கவேட்டர் எல்லாம் நின்னுச்சு, விமானம் மோதுனதே அதுலதான்.

யார்டு மணியம்: அது உள்ள, வேலை நடந்த இடத்துல. நான் கேட்டது வாசல்ல. என்1 டாக்ஸிவேலேர்ந்து, அதான் விமானம் ரன்வேக்கு ஊர்ந்து போற பாதையிலேர்ந்து, 05ஆர்ல திரும்புற இடத்துல தடுப்பும் இல்ல, மூடியிருக்குங்கிற அடையாளமும் இல்ல. பச்சை விளக்கு வரிசை வேற நேரா 05ஆர் பக்கமே வளைச்சுக் கூட்டிட்டுப் போகுது, 05எல் பக்கம் போற விளக்குல ஒண்ணு எரியல, இன்னொண்ணு மங்கல். மழையில கண்ணாடிக்கு வெளிய எதப் பாத்து ஓட்டுவான் மனுஷன்?

சாங்கிவாசி: 05ஆர்அ முழுசா மூடல அண்ணே, டாக்ஸி பண்றதுக்கு பயன்படுத்திட்டிருந்தாங்க, வாசல்ல சுவர் கட்டினா மத்த விமானம் எப்படி போகும்? தடுப்பு எங்க தேவையோ அங்க இருந்துச்சு. இன்னொண்ணு, காக்பிட்ல பிவிடின்னு ஒரு கருவி, சரியான ரன்வேல நின்னாத்தான் திறக்கும். அது திறக்கலன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க, ரன்வே கண்ணுக்குத் தெரியுதேன்னு கிளம்பிட்டாங்க. மூணு பைலட், மூணு பேருக்கும் தோணல. இதுக்கும் விளக்குதான் காரணமா?

ஈசூன் ராணி: ரெண்டு பேரும் தயவுசெஞ்சு ஓடுபாதைன்னு தமிழ்ல எழுதுங்களேன். ரன்வே ரன்வேன்னு கண்ணு வலிக்குது.

சாங்கிவாசி: எம்ஆர்டி ரயிலுக்கு என்ன எழுதுவீங்க ராணி அக்கா? எழுதிட்டு வாங்க, நானும் மாத்திக்கிறேன்.

யார்டு மணியம்: பிவிடிய நான் மறுக்கல. ஆனா அந்த மழைக்கு, அந்த பார்வை தூரத்துக்கு அது கட்டாயம் இல்ல. சரி, பைலட் தப்பு பண்ணான்னே வச்சிக்குவோம். அதோட விசாரணைய மூடிட்டா அடுத்த பைலட்ட யாரு காப்பாத்துவா? ஐகாவோ, அதான் ஐ.நா.வோட விமானப் போக்குவரத்து அமைப்பு, அதோட 13வது இணைப்புலயே இருக்கு, விசாரணை பண்றது விபத்து மறுபடி நடக்காம தடுக்கத்தான், பழி போட இல்லன்னு. அப்படியிருந்தும் அந்தப் பைலட்டுங்கள ஊருக்கு விடாம தைவான்லயே நிறுத்தி வச்சாங்க. போலீஸ் பயம் இருக்கிறவன் விசாரணையில வாயத் திறந்து உண்மைய சொல்லுவானா?

நான் 84ல கப்பல் யார்டுல சேந்தப்போ ஸ்பைரோஸ்ங்கிற கப்பல் பேரச் சொல்லித்தான் பாதுகாப்பு வகுப்பே ஆரம்பிப்பாங்க. 1978 அக்டோபர் 12, ஜூரோங்ல கிரேக்க டேங்கர், எரிபொருள் டேங்க்ல கச்சா எண்ணெய் கலந்திருந்து ஆவி பிடிச்சு நிக்குது, கட்டிங் டார்ச் நெருப்பு பட்டு வெடிச்சு 76 பேர் போனாங்க. கட்டிங் பண்ண பையன் மேல தப்புன்னு சொல்லி முடிச்சிருந்தா, அதுக்கப்புறம் கேஸ் டெஸ்ட், பெர்மிட்ட எல்லாம் அவ்வளவு கடுமையா யாரும் பாத்திருப்பாங்களா? நான் வேலை செஞ்ச ஒரு இடத்துல, பேரு வேணாம், "உள்ளே போகாதே" போர்ட டேங்க்குக்கு உள்ள ஏணிக்குக் கீழ மாட்டியிருந்தாங்க. மேன்ஹோல் வாசல்ல ஒண்ணும் இல்ல, கயிறுகூட இல்ல. ஒரு பையன் பக்கத்து டேங்க்னு நினைச்சு இறங்கிட்டான். கேஸ் மீட்டர் கத்துறது எனக்குக் கேட்டுச்சு, அவன் சட்டைக் காலரப் பிடிச்சு இழுத்தேன், கை முட்டி பூரா தோல் உரிஞ்சிருச்சு. போர்டு இருந்துச்சு, தம்பி. உள்ள இருந்துச்சு.

சாங்கிவாசி: டேங்க் கதை நல்லாயிருக்கு, ஆனா போயிங் 747 மேன்ஹோல் இல்ல. விமானிக்கு 05ஆர் நடுவுல மூடியிருக்குன்னு எழுத்துல அறிவிப்பு போயிருக்கு, அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் போனாங்க. தைவான் அறிக்கை அதைத்தான் காரணம்னு போட்டுச்சு. தடுப்பு இருந்துச்சு.

பூன் லே பாலா: அந்த அறிக்கைய நம்ம ஊரு ஏத்துக்கல, முழுமையா இல்லன்னு சொன்னாங்க, அதையும் சொல்லுங்க சாங்கிவாசி. அங்க தரை ரேடாரும் கிடையாது, டவர்லேர்ந்து பாத்தவங்களுக்கும் விமானம் எங்க நிக்குதுன்னு தெரியல. சொந்த ஊர விட்டுக்கொடுக்கிறதுல உங்களுக்கு அப்படி என்ன சந்தோஷம்?

சாங்கிவாசி: ஊர்ப்பற்று வேற, உண்மை வேற. போன மாசம் ஜூ கூன் ஸ்டேஷன் ரயில் விபத்து பத்தி நான் எழுதுனப்பவும் நீங்கதான் இப்படி பாஞ்சீங்க, அப்புறம் உங்க பதிவ நீங்களே அழிச்சிட்டீங்க. மறக்கல.

பூன் லே பாலா: அழிச்சது எழுத்துப்பிழைக்காக. 2017 நவம்பர் 15ல முன்னாடி நின்ன ரயில்ல பின்னாடி ரயில் போய் இடிச்சது சிக்னல் மென்பொருள் கோளாறுல, டிரைவராலன்னு எழுதுனது நீங்க. அத இப்பவாவது திருத்துனீங்களா?

ஈசூன் ராணி: 1993ல கிளமெண்டில தண்டவாளத்துல எண்ணெய் கொட்டி ரயில் சறுக்கி இடிச்சதே, 132 பேருக்கு காயம், எங்க பக்கத்து வீட்டு அக்கா அதுல இருந்தாங்க, பல வருஷம் முதல் பெட்டியில ஏறவே மாட்டாங்க. அதுலயும் டிரைவரத்தான் சொல்லுவீங்களா?

சாங்கிவாசி: எண்ணெய் விஷயத்துல நான் டிரைவர சொல்லல அக்கா. பேச்ச மாத்தாதீங்க.

யார்டு மணியம்: பேச்ச மாத்துறது யாரு? 1983ல செந்தோசா கேபிள் கார் கம்பியில எனிவெடோக்ங்கிற எண்ணெய்க் கிணறு தோண்டுற கப்பலோட கோபுரம் மாட்டி 7 பேர் கடல்ல விழுந்து செத்தாங்க. கப்பல் கேப்டன், கப்பலுக்கு வழிகாட்டுற துறைமுக பைலட்டுன்னு ஆள விசாரிச்சதோட நிக்கல, பின்னாடி உயரத்த லேசர் வச்சு கண்டுபிடிக்க ஏற்பாடு பண்ணாங்க. லேசர எங்க வச்சாங்க? கம்பியில இல்ல, கப்பல் கம்பிகிட்ட வர்றதுக்கு முன்னாடி. தைப்பேல கான்கிரீட் நின்னது ரன்வே ஆரம்பத்துலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல உள்ள. விமானம் அத பாக்கிறப்போ பிரேக் போட நேரமே இல்ல. அதுக்குப் பேரு தடுப்பா?

சாங்கிவாசி: ஆமா, தடுப்புதான். இருந்துச்சு.

யார்டு மணியம்: வாசல்ல?

சாங்கிவாசி: மறுபடி முதல்லேர்ந்தா? என்1 வாசல்ல தடுப்பு வச்சா டாக்ஸி பண்ற விமானம் எங்க போகும்னு மேல கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

யார்டு மணியம்: அப்போ முழுசா மூடியிருக்கணும். ராத்திரியில, புயல் மழையில, பாதி மூடி பாதி திறந்து வச்சதே முதல் தப்பு. நாளைக்கு ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு அறிக்கையில அந்தப் பக்கத்த படம் எடுத்துப் போடுறேன்.

சாங்கிவாசி: போடுங்க. பிவிடி பக்கத்தயும் சேத்துப் போடுங்க.

ஈசூன் ராணி: ஓடுபாதை.